என் பெயரில் ஒரு சின்னச் சிலுவை

காதுக்குள் தண்ணீர் இறங்கினால் வீட்டுச் சத்தமெல்லாம் அடுத்த தெருவில் கேட்பதுபோல் ஆகிவிடும்; எனக்குப் பத்து வயது நடந்த அந்தக் கோடை முழுவதும் என் இடது காதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. காரணம் என் அக்கா மதலேன். சாரம் என்ற பேட்டையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, என்னைப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே அரிசி களையும் பாத்திரத்தைத் தள்ளி, ஒரு டம்ளர் தண்ணீரை என் நெற்றியில் ஊற்றிக்கொண்டே, "செலின், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்பாள். கைக்குழந்தையாக இருந்தபோதே கோயிலில் முறைப்படி ஞானஸ்நானம் வாங்கியவள் நான். அந்தக் கோடையில் அக்கா என்னை மறுபடி மறுபடி கிறிஸ்தவளாக்கியதற்கு ஆண்டவரே கணக்கு வைத்திருக்க மாட்டார்.

அக்கா எங்கள் ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு நர்சிங் பள்ளியில் விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஒரே மதிலுக்குள் இருந்தன. பாடம் நடத்திய வயதான கன்னியாஸ்திரியை எல்லாரும் 'மசேர்' என்றுதான் கூப்பிட்டார்கள். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போய் எத்தனையோ காலமாகியும், கன்னியாஸ்திரியை 'சகோதரி' என்று கூப்பிடும் அவன் சொல் மட்டும் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வரும் அக்கா, அந்த வாரம் படித்ததையெல்லாம் என்மேல்தான் பழகிப் பார்ப்பாள். ஆள் படுத்திருக்கும்போதே அடியிலிருக்கும் விரிப்பை உருவி மாற்றுவது, கசங்காமல் கட்டுப் போடுவது, நாடி பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் நோயாளி நான்தான். நடுவில் சிரித்தால் திட்டு விழும். "கட்டில்ல படுத்திருக்கிறது சிலுவையில தொங்குனவருன்னு நெனச்சிக்கிட்டுத் தொடணும், அதுக்கு மின்ன கைய நல்லாக் கழுவணும், அதான் மொத செபம்னு மசேர் சொல்லியிருக்காங்க" என்பாள். சிலுவையில் தொங்கினவருக்குக் கூச்சம் இருந்ததா என்று கேட்டு ஒருமுறை மண்டையில் குட்டு வாங்கினேன்.

மசேர் சொல்லிக் கொடுத்ததில் இன்னொன்று, நோயாளி முன்னால் அழக் கூடாது என்பது. "அழுவ வந்தா வெளிய போய் அழுதுட்டு, மூஞ்சி கழுவிக்கிட்டு வா. படுத்திருக்கறவங்களுக்கு அவங்க வலியே போதும்." இதை அக்கா அடிக்கடி சொல்லிக்காட்டுவாள். வேறு எந்தப் பாடத்தை விடவும் இதுதான் எங்கள் வீட்டில் ஆழமாக இறங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

பிரசவ வார்டுக்குப் போகும் மாணவிகளுக்கு 'அவசர ஞானஸ்நானம்' என்றொரு பாடம் இருந்தது. கிறிஸ்தவப் பெற்றோரின் குழந்தை பிறந்த உடனே சாகக் கிடந்து, சாமியாரைக் கூப்பிட நேரமில்லாமல் போனால், பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். பெற்றவர்களின் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்பதும் அந்தப் பாடத்திலேயே உண்டு. அக்காவுக்கு அந்தப் பாடத்தின் மீது பெரிய பயம். ஒரு குழந்தை மோட்சத்துக்குப் போவதும் போகாததும் தன் நாக்கில் இருக்கிறது என்று நினைத்து, வார்த்தை குழறிவிடக் கூடாதே என்றுதான் என் காதில் அத்தனை தண்ணீர் விட்டாள்.

அப்போது அம்மா ஏழு மாதக் கர்ப்பம். எனக்குப் பிறகு இரண்டு முறை தங்காமல் போயிருந்ததால், இந்த முறை நல்லபடியாகப் பிறந்தால் 'லூர்து' என்று பெயர் வைக்கிறேன் என்று வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். பிறக்காத பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று பக்கத்து வீட்டார் சொல்லியிருந்ததால், அந்தப் பெயர் வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை.

ஒரு மத்தியானம், கழுவிக்கொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பஞ்சாலை வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டார் ஆட்டோவில் ஏற்றி, அக்கா படித்த அந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். அன்று பிரசவ வார்டில் அக்காவுக்கு வேலை. அங்கே நடந்ததை அக்கா பிற்பாடு ஒரே ஒரு தடவை எனக்குச் சொன்னாள். பெண் பிள்ளை; அழவில்லை. நீலம் பாய்ந்திருந்தது. அம்மாவுக்கு ரத்தம் நிற்காததால் மசேரும் டாக்டரும் அவள் பக்கம் இருந்தார்கள். அம்மாதான் தலையைத் திருப்பி, "மதலேன், தண்ணி ஊத்துடி" என்றாளாம். அக்கா கை நடுங்காமல் ஊற்றினாள். வார்த்தை குழறவில்லை. பழகியபடியே, ஓர் எழுத்து பிசகாமல், "செலின்" என்று தொடங்கிச் சொல்லி முடித்தாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன பெயர் சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. அம்மாவுக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. பிள்ளை மாலை மங்குவதற்குள் போய்விட்டது.

மறுநாள் அப்பா பங்குச் சாமியாரிடம் போய், லூர்து என்று திரும்ப ஒருமுறை கொடுக்க முடியுமா என்று கேட்டார். "குடுத்தது குடுத்ததுதான்பா. ரெண்டாவது வாட்டி கெடையாது. சிலுவையில வேணா எந்தப் பேர வேணா எழுதிக்குங்க" என்றார் அவர். அப்பா அதற்குத் தயாராகத்தான் இருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஆண்டவர் காதுல எந்தப் பேர் விழுந்துச்சோ அதையே எழுதுங்க. வேற பேர எழுதி வச்சா, அங்க புள்ளைய எப்படித் தேடுவேன்?" அப்படித்தான் கல்லறையில் முழ உயரத்தில் ஓர் இரும்புச் சிலுவை, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, என் பெயரோடு நின்றது.

அம்மா வீடு திரும்பியதும் என்னை 'சின்னவளே' என்று கூப்பிட்டாள். உடம்பு சரியில்லாதவள், ஏதோ வாய்க்கு வந்தபடி கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். வாரம் போய், மாதம் போய், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் சின்னவள்தான். தெருவில் விளையாடும்போது மற்ற வீட்டு அம்மாக்கள் பெயர் சொல்லிப் பிள்ளைகளை இழுத்துக் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டிலிருந்து 'சின்னவளே' வரும். ஒருமுறையாவது என் பெயரைச் சொல்லட்டும் என்று, கேட்டும் கேட்காததுபோல் நின்று பார்த்தேன். அம்மா மறுபடி கூப்பிடவில்லை, உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

வீட்டில் யாருமே அழவில்லை. அக்கா நான்காம் நாளே வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அம்மாவுக்கு முதுகு தேய்த்துவிட்டாள், விரிப்பு மாற்றினாள், கை கழுவினாள். என்மேல் பழகுவதை மட்டும் விட்டுவிட்டாள். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியும் சாமந்திப்பூவும் வாங்கிக்கொண்டு போனோம். என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அந்தச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "ஏய், நீ எப்படி செத்த?" என்று கேலி செய்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். என் பெயரின் முன்னால் நானே மெழுகுவத்தி ஏற்றினேன். பயமோ துக்கமோ இல்லை. காற்றில் திரி அணையாமல் கையை வைத்து மறைப்பதிலேயே கவனமாக இருந்தேன்.

இப்போது அந்த இடத்தில் வேறொரு குடும்பத்தின் பளிங்குக் கல்லறை இருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் குழியை எத்தனை காலம் விட்டுவைப்பார்கள்! சிலுவை துருப்பிடித்து எப்போது போனது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பா இல்லை. அம்மா அரியாங்குப்பத்தில் என் வீட்டில் படுக்கையாகக் கிடக்கிறாள். அக்கா ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. போன மாதம் லீவில் வந்தவள், அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டே, லீவுக்கு முன்னால் வகுப்பில் நடத்திய பாடத்தை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவசர ஞானஸ்நானத்துக்குப் பேரே தேவையில்லடி. தண்ணியும் வார்த்தையும் போதும். மசேர் அப்பவே பாடத்துல சொன்னாங்க. கோயில்ல சாமியார் பேர் சொல்லி ஊத்தறதப் பாத்துப் பாத்து நானாதான் சேத்துக்கிட்டேன். புள்ளைங்ககிட்ட இப்பல்லாம் அதத்தான் மொதல்ல சொல்றேன், பேர் தெரியலன்னா பேர் வாணாம்னு."

இத்தனை வருடம் கழித்து அதைக் கேட்டபோது எனக்குள் ஏதாவது அசையும் என்று பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த அம்மா துடைக்கும்போதே கண்ணயர்ந்துவிட்டாள் என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம்.

"பேர் இல்லாம போயிருந்தா," என்றாள் அம்மா, "தெனம் ராத்திரி செபத்துல நான் எதச் சொல்லி அவளக் கூப்புட்டிருப்பேன்?"

அக்கா கையிலிருந்த ஈரத்துணி நின்றது. அம்மா தினமும் என் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அக்கா எழுந்து வெளியே போய், முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தபடி நின்றிருந்தேன். அம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்து, "சின்னவளே, ஃபேனக் கொஞ்சம் கொறச்சி வையி, குளுருது" என்றாள்.

குறைத்து வைத்தேன்.