நாய்க்குப் போன மயில் புடவை

எங்கள் ஜெராக்ஸ் கடை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற வழியில் இருக்கிறது. மனு எழுதுகிறவர்கள், மனுவை ஜெராக்ஸ் எடுக்கிறவர்கள், எடுத்த ஜெராக்ஸைத் தொலைத்துவிட்டு மறுபடி வருகிறவர்கள் என்று காலையிலிருந்தே கூட்டம் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கடைப் படியில் ஒரு செவலை நாய் படுத்துக் கிடக்கும். அதை யாரும் வளர்க்கவில்லை, துரத்தவும் இல்லை. எல்லாரும் தாண்டிப் போவார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் வேகமாக வந்த பைக் ஒன்று அதன் பின்னங்காலில் ஏறிவிட்டது. நாய் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஒருத்தர் மஞ்சள் வைக்கச் சொன்னார். ஒருத்தர் தண்ணி குடு என்றார், இன்னொருத்தர் தண்ணி குடுத்தால் செத்துவிடும் என்றார். கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்த என் மனைவி மட்டும் எழுந்து போய், விலங்குகளைக் காப்பாற்றுகிற ஒரு குழுவுக்குப் போன் பண்ணினாள். அவர்களுக்காக ஓட்டுகிற ஆட்டோக்காரர் வந்து, நாயைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, "யாராவது ஒருத்தர் கூட வாங்க"னு கூப்பிட்டார். அத்தனை வைத்தியர்களும் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. என் மனைவிதான் ஏறிப் போனாள்.

போனவள் சாயங்காலம் திரும்பி வந்தபோது அந்தக் குழுவில் ஒரு ஆள் ஆகியிருந்தாள். அன்றிலிருந்து என் சாப்பாட்டு நேரத்தில் குடல்புழு பற்றிய பேச்சு வர ஆரம்பித்தது.

அந்தக் குழுவின் காப்பகம் செங்கம் ரோட்டில், ஆசிரமங்களையும் விடுதிகளையும் தாண்டி உள்ளே போனால் வரும். தகரக் கூரை போட்ட கொட்டகைகள்தான். ஆவணி மழை பிடித்ததும், குட்டிகள் ஈரத்தில் நடுங்குகின்றன, பழைய துணி இருந்தால் குடுங்கள் என்று குழுவிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. துணியை எங்கள் கடையில் குடுக்கலாம் என்று என்னைக் கேட்காமலே என் மனைவி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள்.

நம்ம ஊருக்குக் குடுக்கிற மனசு ஜாஸ்தி. கூடவே வாயும் ஜாஸ்தி. ஒரு கட்சிக்காரர் கரை வேட்டி கொண்டு வந்து, "கரையை மட்டும் கிழிச்சிட்டுப் போடுங்க, தம்பி. எவனாவது போட்டோ எடுத்துடுவான்" என்றார். ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர் தலையணை உறைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் குடுத்துவிட்டு, வெள்ளை நாய்களுக்குப் போடச் சொன்னார். கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு ஒன்று வந்தது. குடுத்தவர் முகத்தைப் பார்த்து, நான் எதுவும் கேட்கவில்லை. ரெண்டே நாளில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் போக வழியில்லாமல் மூட்டை ஏறிவிட்டது.

அந்த மூட்டை ஒன்றில்தான் மயில் புடவையைப் பார்த்தேன்.

போன தீபாவளிக்கு என் அம்மா தேரடி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி என் மனைவிக்கு எடுத்துக் குடுத்த காட்டன் புடவை அது. கிளிப்பச்சை நிறம், அரக்குக் கரை, உடம்பெல்லாம் பெரிய பெரிய மயில். என் மனைவி அதை ஒரே ஒரு முறை கட்டினாள். கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

"இது அம்மா எடுத்ததாச்சே" என்றேன்.

"நல்ல காட்டன், ஈரத்தை இழுக்கும்" என்றாள் அவள்.

"அம்மா பார்த்தா?"

"அத்தை எங்கங்க நாய் காப்பகத்துக்கு வரப் போறாங்க?"

அது நியாயமாகத்தான் பட்டது. என் அம்மாவுக்கும் நாய்களுக்கும் ஆகாது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலேயே அம்மாவுக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. அப்பா போன பிறகும் ஊரை விட்டு வர மாட்டேன் என்று அங்கேயே இருக்கிறாள். மற்ற நாளில் பன், பிஸ்கட், டீ. பௌர்ணமிக்கு மட்டும் தயிர்சாதமும் எலுமிச்சை சாதமும் போடுவாள். பன் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நாய்களை வைவதற்கென்றே தனியாகச் சில வார்த்தைகள் வைத்திருக்கிறாள்.

அந்தப் பௌர்ணமிக்கு மழை கொட்டித் தீர்த்தது. மலை சுற்ற வந்த கூட்டம் கம்மி. மறுநாள் காலையில் அம்மாவிடமிருந்து போன்.

"ஒரு அண்டா தயிர்சாதம் அப்படியே நிக்குதுடா. இன்னும் தாளிக்கக்கூட இல்ல. உம் பொண்டாட்டி ஏதோ நாய் ஆஸ்பத்திரினு சொன்னாளே, அதுங்க தின்னுமா?"

"தின்னும்மா. நான் வந்து எடுத்துக்கிறேன்."

"நீ எடுத்துட்டுப் போனா அண்டா திரும்பி வராது. போன தபா குடுத்த குண்டானே இன்னும் உன் வீட்லதான் இருக்கு. நானும் வரேன்."

போனை வைத்துவிட்டு என் மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே காப்பகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது அங்கே வேலை பார்க்கிற வெள்ளைக்கார அம்மா. பல வருஷமாக இங்கேயே இருக்கிறவர். அவர் தமிழ் கற்றுக்கொண்டது வாடகைக்கு இருக்கிற வீட்டின் வீட்டுக்கார அம்மாவிடம். அந்த அம்மா இவரிடம் எப்போதும் 'வாங்க, போங்க' என்றே பேசியதால், இவருக்கு 'வா, போ' என்ற தமிழே தெரியாது. நாய்களிடமும் அதே மரியாதைதான்.

"மயில் புடவை இருக்கு பாருங்க, அதைக் கொஞ்சம் எடுத்து ஒளிச்சு வைங்க" என்று என் மனைவி கெஞ்சினாள்.

"மயில் இங்க இல்லீங்க" என்றது போன். "நாய், பூனை, ஒரு கழுதை. அவங்க மட்டும்தான் இருக்காங்க."

"மயில் இல்லீங்க, மயில் போட்ட புடவை!"

"மயில் புடவை போடாதுங்க."

அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. மழைக்கு டவரும் போய்விட்டது.

நாங்கள் மூன்று பேரும் அண்டாவும் ஆட்டோவில் போய் இறங்கினோம். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நாய்கள் ஓடி வந்து அண்டாவைச் சுற்றிக்கொண்டன. வெள்ளைக்கார அம்மா அவற்றைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எல்லாருக்கும் தருவாங்க. அவசரப்படாதீங்க" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கொடுத்து வச்ச நாய்டா. உங்கப்பனை நான்கூட இவ்ளோ மரியாதையா கூப்ட்டதில்ல."

சிரிப்போடு கொட்டகை கொட்டகையாகச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினாள். கொடியில் காய்ந்த துணிகளில் மயில் இல்லை. என் மனைவி மூச்சு விட்டாள். கடைசிக் கொட்டகையில் எங்கள் கடைப் படி நாய் படுத்திருந்தது. பின்னங்காலில் கட்டு. கீழே கிளிப்பச்சை. ஒரு மயில் முழுசாகத் தெரிந்தது.

அம்மா நின்றுவிட்டாள். நான் கூரையைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

ஒன்றும் தெரியாத வெள்ளைக்கார அம்மா சந்தோஷமாக விளக்க ஆரம்பித்தார். "இவங்களுக்கு இந்தப் புடவைன்னா உயிருங்க. வேற துணி போட்டா படுக்க மாட்டாங்க. துவைக்க எடுத்தாக்கூட கோவிச்சுக்குவாங்க."

"அப்படியா?" என்றாள் அம்மா. அண்டாவைத் தானே கழுவி எடுத்துக்கொண்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் அண்டா மட்டும்தான் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது.

அதன் பிறகு அம்மா என் மனைவியிடம் போனில் பேசுவதை நிறுத்திவிட்டாள். என்னிடம் மட்டும் பேசுவாள். ஒருநாள், "எம் மருமக எப்படி இருக்கா?" என்று கேட்டாள். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"நல்லா இருக்காம்மா. உள்ள சமைக்கிறா."

"அவளை யாருடா கேட்டா? புடவை மேல படுத்திருக்காளே, அவளைக் கேட்டேன். ரெண்டு மருமகள்ல அவ ஒருத்திதான் நான் எடுத்ததை ஆசையா வச்சிருக்கா."

தினமும் இதே கேள்விதான். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டு என் மனைவிக்குக் கேட்கவும் வைத்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது. அவள் சிரிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வண்டியை எடுங்க" என்றாள். நேராக அடி அண்ணாமலைக்குப் போனோம்.

அம்மா கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். என் மனைவி போய் எதிரில் நின்றாள்.

"அத்தை, எனக்கு அந்தப் புடவை புடிக்கல. கட்டினா மயில் மூஞ்சி சரியா என் வயித்துல வந்து உக்காருது. கடைக்கு வர்றவங்க பேப்பரைக் குடுத்துட்டு அதையே பாக்குறாங்க."

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பி அவள் வயிற்றைப் பார்த்தார்கள்.

"புடிக்கலன்னா அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றாள் அம்மா.

"சொன்னா கோச்சுக்குவீங்க."

"கோச்சுக்குவேன்தான். அதுக்குன்னு சொல்லாம இருப்பியா? கடைக்காரன் மாத்திக் குடுத்திருப்பானே. பில்லுகூட பத்திரமா வச்சிருந்தேன்."

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா அவளைப் பார்க்காமல் ஒரு டீயை அவள் பக்கம் நகர்த்தினாள். எனக்குத் தரவில்லை. "நீ எல்லாம் தெரிஞ்சிக்கிட்டுதானே கம்முனு இருந்த?" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்ட ஆரம்பித்தபோதுதான், சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது.

இந்தத் தீபாவளிக்கு இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனார்கள். என் மனைவி சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தாள். அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "பாத்திரம் தேய்ச்ச தண்ணி கலர்ல இருக்கு. உன் இஷ்டம்" என்றாள்.

ஆனால் அம்மா அதோடு நிற்கவில்லை. கிரிவலப் பாதையில் பக்கத்துக் கடைக்காரர்களை எல்லாம் பிடித்துக்கொண்டாள். பௌர்ணமிக்கு மறுநாள் மிஞ்சுகிற சாதத்தைக் கொட்டக் கூடாது, வெங்காயம் போட்டது, காரம் போட்டது வேண்டாம், வெறும் சாதமும் தயிர்சாதமும் அவள் கடைக்கு வந்துவிட வேண்டும். வாழைப்பழக்காரர், "நாய்க்கு இவ்ளோ கவனிப்பா?"னு கேட்டதற்கு, "உனக்கு உடம்பு முடியலன்னா அங்கயே சேத்து விடறேன், நல்லா பாத்துக்குறாங்க" என்றாளாம். இப்போது அவரும் பழம் தருகிறார், கழுதைக்கு.

போன பௌர்ணமிக்கு மறுநாள் அண்டாக்கள் ஏறி, அம்மா ஏறி, என் மனைவி ஏறியதும் ஆட்டோ நிறைந்துவிட்டது. வாழைத்தார் வேறு முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. எனக்கு இடமில்லை. "நீ பின்னாடி பைக்குல வாடா" என்று அம்மா சொல்ல, ஆட்டோ கிளம்பிவிட்டது. உள்ளே இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டு போனார்கள். எதற்கு என்று காப்பகத்தில் போய்க் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்கள்.