அண்ணரின் விமானமும் நான் தள்ளிய சுவிச்சும்

எங்கள் அண்ணர் யாழ்ப்பாணத்து உடுவிலில் பிறந்தார். ஐயா அம்மாவுக்கு நாங்கள் நான்கு பிள்ளைகள். அவர் மூத்தவர். நான் கடைசி. நடுவில் இருந்த இருவரும் சண்டைக் காலத்தில் போய்விட்டார்கள். அதை இங்கே எழுதவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சுவிஸில் பீல் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. எழுதிப் பழக்கமில்லை. அண்ணரின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அண்ணரின் மனைவி சொன்னார். எனக்கு அவர் மச்சாள், அவருக்கு நானும் மச்சாள். வேறு யாரையாவது கேளுங்கள் என்றேன். விடவில்லை. அண்ணரைப் பற்றி எனக்கு விளங்காத விடயம் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதுவேன் என்றேன். எழுதுங்கள் என்றார்.

அண்ணர் இருபத்திரண்டு வயதில் சுவிஸ் வந்தார். அகதி முகாமில் ஒன்றரை வருடம். பிறகு உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு பீலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை. கூட்டித் துடைக்கத்தான் எடுத்தார்கள். மதிய இடைவேளையில் மேசையில் வேலை செய்கிறவர்களின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். ஒரு நாள் மேலாளர் சாமணம் என்ற சின்ன இடுக்கியைக் கொடுத்து, ஒரு திருகாணியை எடுத்துப் பூட்டு பார்க்கலாம் என்றார். எள்ளை விடச் சிறிய திருகாணி. அண்ணர் பூட்டினார். அதிலிருந்து இருபத்தாறு வருடம் அந்த மேசைதான்.

என்னை இங்கே கூப்பிட்டவர் அவர். கலியாணம் செய்து வைத்தவர் அவர். என் கணவர் இறந்தபோது பக்கத்தில் நின்றவரும் அவர். அண்ணர் ஓரிடத்துக்குப் பிந்தி வந்து நான் பார்த்ததில்லை. ஒருவரைக் குறை சொல்லியும் கேட்டதில்லை.

போன வருடம் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. நரம்பு என்றார் வைத்தியர். மருந்து குறைக்கும், மாற்றாது என்றார். மேலாளர் நல்ல மனிதர். உடனே மேசையை விட்டு எழுப்பவில்லை. மூன்று மாதம் ஓய்வெடுத்து வா, ஒரு சோதனை வைப்போம், கை நடுங்காமல் நின்றால் மேசை, நிற்காவிட்டால் பொதி கட்டும் பகுதி என்றார்.

அடுத்த கிழமை அண்ணர் ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். பற்றரியில் பறக்கிற விளையாட்டு விமானம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று பெட்டியில் போட்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? பிளேன் சத்தம் கேட்டால் பங்கருக்குள்ளை பாய்ஞ்ச ஆளெல்லே நீங்கள்," என்றார் மச்சாள்.

"இது குண்டு போடாதப்பா. வெறும் றெஜிபோம் தக்கை," என்றார் அண்ணர்.

எனக்கு மட்டும் காரணம் சொன்னார்.

"சின்னச் சின்னச் சாமான் பூட்டவேணும். பிறகு கையாலை பிடிச்சுப் பறக்கவிட வேணும். கை நடுங்கினால் பிளேனும் நடுங்கும். வீட்டிலை நீங்கள் எல்லாரும் நடுங்கேல்லை, நடுங்கேல்லை எண்டு பொய் சொல்லுறியள். பிளேன் பொய் சொல்லாது."

அரை மணித்தியாலத்தில் பூட்டலாம் என்று பெட்டியில் இருந்தது. அண்ணருக்கு இரண்டு சனிக்கிழமை எடுத்தது. செட்டை இரண்டையும் ஒரு குழாயில் செருகிச் சேர்த்தார். வாலைத் திருகாணி போட்டு இறுக்கினார். அது வரை சரி. வாலில் அசைகிற தட்டுக்கு உள்ளிருந்து மெல்லிய கம்பி ஒன்று வரும். அதன் நுனியில் இருக்கும் கொளுவியைச் சின்னத் துளைக்குள் மாட்ட வேண்டும். கொளுவி விழுந்துகொண்டே இருந்தது. ஏழாம் தரம் நான் எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன்.

"நீ பார். கை வையாதை."

"குனிஞ்சு குனிஞ்சு நாரி போகப்போகுது அண்ணா."

"நாரியைச் சோதினைக்குக் கூப்பிடேல்லை. கையைத்தான் கூப்பிட்டவை."

பதினோராம் தரம் மாட்டினார். செட்டைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து விமானத்தைத் தூக்கிப் பார்த்தார். மூக்கும் வாலும் சமனாக நின்றன. விரல்தான் நடுங்கியது.

றிமோட்டின் மேல் பக்கத்தில் ஒரு சுவிச். அதை எனக்கு விளங்கப்படுத்தினார்.

"முதலாவது பக்கம் போட்டால் பிளேனுக்குள்ளை இருக்கிற பொறி தானாச் சமன் பிடிக்கும். நடுவிலை விட்டால் பாதி. மூண்டாவது பக்கம் போட்டால் முழுக்கக் கைதான். எனக்கு மூண்டாவது."

ஊருக்கு வெளியே விமானம் விடுகிறவர்களின் புல்வெளி ஒன்று இருக்கிறது. ஞாயிறு போனோம். ஓய்வூதியம் எடுக்கிற ரூடி என்ற சுவிஸ்காரர் அங்கே நின்றார். இப்போது காற்று, ஐந்து மணிக்கு அடங்கும், அப்போது விடுங்கள் என்றார். ஞாயிறு நாலரைக்குப் பிறகு ராகுகாலம். நான் சம்மதிக்கவில்லை.

"சுவிசிலை எத்தினை மணிக்கு வாறதெண்டு ராகுவுக்கே தெரியாதடி," என்றார் அண்ணர். ஆனாலும் எனக்காக இரண்டு மணிக்கே விட்டார்.

அவர் றிமோட்டைப் பிடிக்க, நான் விமானத்தை எறிய வேண்டும். எனக்குப் பயம். மெதுவாக விட்டேன். அது காலடியில் விழுந்தது.

"கோயிலிலை அர்ச்சனைத் தட்டு நீட்டுற மாதிரி நீட்டாதை. எறி!"

எறிந்தேன். மேலே போனது. போனதும் ஆடத் தொடங்கியது. செட்டை இந்தப் பக்கம் சரியும், உடனே அந்தப் பக்கம் சரியும். அண்ணரின் பெருவிரலைப் பார்த்தேன். அதுவும் அப்படியே ஆடியது. மூக்கு குத்தி விழுந்தது. பசை போட்டு ஒட்டினார். இரண்டாவது ஞாயிறும் அதே. அன்று பஸ்ஸில் வரும்போது அவர் வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார்.

மூன்றாவது ஞாயிறு முதல் எறிதலிலேயே தூரத்தில் விழுந்தது. றிமோட்டை என்னிடம் தந்துவிட்டு எடுக்கப் போனார். ரூடி கிட்ட வந்தார். ஜெர்மனில் ஆறுதலாகச் சொன்னார். இப்படியே போனால் இன்றைக்கு விமானம் மிஞ்சாது, சுவிச்சை முதலாவது பக்கம் போடுங்கள், பாவம், ஒரு தடவையாவது பறக்கட்டும் என்றார்.

அண்ணர் புல்லுக்குள் குனிந்து நின்றார். நான் சுவிச்சைத் தள்ளினேன். டிக், டிக் என்று இரண்டு தரம் கேட்டது.

அண்ணர் வந்து றிமோட்டை வாங்கினார். நான் எறிந்தேன். விமானம் ஏறியது. ஆடவில்லை. வட்டம் அடித்தது. திரும்ப வந்தது. மூன்று வட்டம் அடித்துப் புல்லில் வந்து இறங்கியது. அண்ணர் சிரித்தார். பல்லுத் தெரிய அவர் சிரித்து எவ்வளவு காலம்.

"கை நிண்டிட்டுது, பாத்தியே?"

"ஓம் அண்ணா."

"வடிவாப் பாத்தனியே?"

"ஓம்."

பஸ் நிறுத்தத்தில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"என்ன?" என்றார்.

"ஒண்டுமில்லை."

"நாளைக்கு மேலாளரிட்டைப் போறன்," என்றார்.

சோதனைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதை முன்னுக்கே வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் தொலைபேசி எடுத்தார்.

"பொதி கட்டுற பக்கம் மாத்திப்போட்டினம்."

"சோதினை?"

"அது சரி வரேல்லை. விடு. ஞாயிறு வாறியே?"

சோதனையில் தவறிவிட்டார், என் பேச்சை நம்பிப் போய் எல்லோருக்கும் முன்னால் கை நடுங்க நின்றிருப்பார் என்று நினைத்தேன். நான் வேலை செய்கிற இடத்தில் மொப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அதன் பிறகும் ஞாயிறுகளில் போனோம். ஒவ்வொரு முறையும் சுவிச்சைப் பார்த்தேன். நான் தள்ளிய பக்கத்திலேயே இருந்தது. அண்ணர் அதைத் தொடவில்லை. அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. நானும் கதைக்கவில்லை.

குளிர் தொடங்கியதும் ஒரு காலை வேலைக்குப் போக உடுப்பு மாற்றும்போது அண்ணரின் இதயம் நின்றது. ஐம்பத்தெட்டு வயது. படுக்கையில் கிடந்து வருத்தம் அனுபவிக்கவில்லை.

இறுதிக் கிரியைக்கு மேலாளர் வந்தார். நான் அவரிடம் போய், அந்தச் சோதனையில் என் அண்ணர் என்ன பிழை விட்டார் என்று கேட்டேன். அவர் என்னை விளங்காமல் பார்த்தார்.

சோதனையே நடக்கவில்லை என்றார். அந்தத் திங்கள் காலை உங்கள் அண்ணர் தானாக வந்தார், சோதனை வேண்டாம், என் கை நிற்காது, மேசையை வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்றார், இன்னும் ஒரு மாதம் பாருங்கள் என்று நான்தான் மறித்தேன், கேட்கவில்லை என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அண்ணர் சுவிச்சைக் கண்டாரா, இல்லையா? காணவில்லை என்றால் கை நின்றது என்று நம்பியிருப்பார். நம்பியவர் சோதனைக்குப் போயிருப்பார். போகவில்லை. கண்டார் என்றால் ஏன் அப்படிச் சிரித்தார்? ஏன் இரண்டு தரம் என்னைக் கேட்டார்? நான் உண்மை சொல்வேன் என்று பார்த்தாரோ? நான் தள்ளாமல் விட்டிருந்தால் நாலாவது ஞாயிறு தன் கையாலேயே பறக்கவிட்டிருப்பாரோ? அவருக்கு மேசை மிஞ்சியிருக்குமோ? தங்கச்சியே சுவிச்சைத் தள்ளுகிறாள் என்றால் கை முடிந்துவிட்டது என்று முடிவெடுத்தாரோ?

மச்சாளிடம் எல்லாம் சொன்னேன்.

"விடும் மச்சாள். எனக்கும் சோதினை சரி வரேல்லை எண்டுதான் சொன்னவர். அந்த மனுசன் கோடை முழுக்கச் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சது. எனக்கு அது காணும், போதும்," என்றார்.

எனக்குக் காணாது. அதனால்தான் இங்கே எழுதினேன். அண்ணா, சுவிச்சைத் தள்ளினது நான்தான். நீங்கள் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணரைப் பார்த்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும் நன்றி. செய்தி கேட்டு ஓர்லிகோனிலும் ஜெனீவாவிலும் இருந்து வந்த உறவினர்களுக்கு நன்றி. கிரியை செய்த ஐயருக்கும், எட்டு நாளும் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், பெட்டி தூக்கிய தொழிற்சாலை நண்பர்களுக்கும், மேலாளருக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் குறை நினைக்க வேண்டாம்.

ரூடிக்கும் நன்றி. அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நான் நல்லதுக்குத்தான் தள்ளினேன். அண்ணர் எதற்குச் சிரித்தார் என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

தங்கை