அந்த வியாழக்கிழமை அக்கா சொன்ன நன்றி

இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தம்பி எழுதுவது. அக்கா நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கே ஒரு மலர் போட வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் அத்தான், ஆசைப்பட்டார். என்னைத்தான் எழுதச் சொன்னார். என்னால் முடியவில்லை. துக்கத்தில் இருக்கிறான் என்று எல்லோரும் விட்டுவிட்டீர்கள். துக்கமும் உண்மைதான். அதற்கு மேல் வேறொரு காரணமும் இருந்தது. அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டிய ஒரு சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை பார்த்தார்கள். அக்காவுக்குப் பதினாறு வயதும் எனக்கு எட்டு வயதும் இருக்கும்போது அப்பா மஞ்சள்காமாலையில் காலமானார். அந்த வருடமே அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினார். வீரபாண்டியில் ஒற்றை அறை ஒன்றில் குடியேறினோம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அக்கா, பனியன் கம்பெனி ஒன்றில் தைத்த துணியை மடித்துக் கொடுக்கும் ‘கைமடி’ வேலைக்குச் சேர்ந்தார். பிறகு செக்கிங், பிறகு தையல் மெஷின். கைமடியில் தொடங்கி மொத்தம் இருபத்தெட்டு வருடம் பனியன் கம்பெனியிலேயே கழிந்தது. நான் பட்டப்படிப்பு முடித்து, ஏற்றுமதி நிறுவனத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதும் வேலையில் அமர்ந்தது அக்காவின் உழைப்பால். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்ததும் அக்காதான்.

அக்கா சாந்தமானவர் என்று எழுதினால் அவரோடு வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். வாய் கூர்மை. தப்பைக் கண்டால் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். ஒடிசாவிலிருந்து வந்த பெண்களைத் தண்ணீர் குடிக்கப் போகவிடாமல் ஒரு சூப்பர்வைசர் அதட்டியபோது, மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று சண்டை போட்டார். அந்தப் பெண்களிடம் “பானி பியோ, பானி பியோ” என்று, தண்ணீர் குடிக்கும்படி, தெரிந்த இந்தியில் தினமும் சொல்லிக்கொண்டிருப்பாராம். ஆனால் அவர் குடிக்க மாட்டார். கழிப்பறைக்கு எழுந்து போனால் தைத்த பீஸ் கணக்கும் கூலியும் குறையும் என்று, காலையில் கொண்டுபோன பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவருவார். முதுகு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கினார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் தடுக்கவில்லை.

அமெரிக்கர்களுக்கு நவம்பர் மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை நன்றி சொல்லும் நாள். அன்றிலிருந்து ஞாயிறு வரை நான்கு நாளும் எங்கள் அலுவலகத்துக்கு அங்கிருந்து ஒரு மெயிலும் வராது. ஏழெட்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வியாழக்கிழமை நான் மதியமே அக்கா வீட்டுக்குப் போனேன். ஷிப்மெண்ட் போய்விட்டதால் அக்காவும் அன்று வீட்டில் இருந்தார்.

“என்னல, இந்நேரத்துக்கு வந்திருக்க? ஒடம்பு சரியில்லையா?”

“அமெரிக்காக்காரங்களுக்கு லீவுக்கா. நன்றி சொல்லுத நாளாம். கெடைச்சதுக்கு எல்லாம் நன்றி சொல்லிக் குடும்பத்தோட உக்காந்து சாப்பிடுவாங்களாம்.”

“நாம தச்ச பனியனப் போட்டுக்கிட்டா?” என்று சிரித்தார் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, “நல்ல பழக்கந்தான். நாமளும் வச்சுக்கிடுவோம்” என்றார்.

அந்த வாரம் அக்காவின் பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் திடீரென்று வலது கை விளங்காமல் போயிருந்தது. அக்காவைவிட இளையவர். அது அக்காவின் மனதை அரித்துக்கொண்டிருந்தது. அதனால் சாப்பிட உட்காரும்போது ஒரு கட்டளை போட்டார். “வேல, வீடு, மார்க்கு எதையும் சொல்லப்பிடாது. ஒடம்புல எது நல்லா இருக்கோ அத மட்டும் சொல்லணும். அதத்தான் நாம யாரும் நெனைக்கதே இல்ல.”

அன்றிலிருந்து வருடா வருடம் அந்த வியாழக்கிழமை அக்கா அரைநாள் லீவு போட்டு மீன் குழம்பு வைப்பார். அத்தான், அக்கா மகள், நான், என் மனைவி, எங்கள் பெண் குழந்தை என்று சுற்றி உட்காருவோம். கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடிகிறது என்று ஒரு வருடம் அக்கா சொன்னார். படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை என்று இன்னொரு வருடம். என் மனைவி திருப்பூர்ப் பக்கத்துச் சேவூர்க்காரி. அக்காவே நேரில் போய்ப் பெண் கேட்டுக் கட்டிவைத்தவள். “படுத்த ஒடனே தூக்கம் வந்துருதுங்க அண்ணி” என்று அவள் ஒருமுறை சொன்னபோது, “அது பெரிய வரம்லா!” என்று அக்கா அவள் கன்னத்தைத் தடவினார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அக்காவின் கால்கள் வீங்கின. சோறு இறங்கவில்லை. இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்று மருத்துவர் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ், குடிக்கும் தண்ணீருக்கு அளவு. இருபத்தெட்டு வருடம் தாகத்தை அடக்கியவருக்குத் தாகம் எடுக்கும்போது குடிக்க அனுமதி இல்லாமல் போயிற்று. அந்த நவம்பரில் எங்களோடு உட்கார்ந்து அக்கா சொன்னது இதுதான்: “இன்னைக்கு ஒரு டம்ளர் தண்ணி நிறுத்தி நிறுத்திக் குடிச்சேன். தொண்ட நனைஞ்சுது.”

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் அக்கா பழையபடி நடமாடலாம் என்றார்கள். அத்தானுக்குச் சர்க்கரை நோய். அக்கா மகள் தருகிறேன் என்று அழுதாள். கல்யாணம் ஆகாத பெண்ணிடமிருந்து வாங்கமாட்டேன் என்று அக்கா மறுத்துவிட்டார். மீதி இருந்தது நான். நானே முன்வந்து பரிசோதனைக்குப் போனேன். எல்லாம் பொருந்தியது. “உங்க உடம்புல ஒரு குறையும் இல்லை” என்று மருத்துவர் கை கொடுத்தார். அந்தச் செய்தியைச் சொன்னபோது அக்கா தலையணையில் முகத்தை வைத்து அழுதார்.

இதுவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். இதற்குப் பின் நடந்ததாக உங்களுக்குத் தெரிந்திருப்பது பொய்.

என் மனைவி கையெழுத்துப் போட மறுத்ததால் அறுவை சிகிச்சை ஒரு வருடம் தள்ளிப்போயிற்று என்றுதான் உறவில் எல்லோரும் பேசினீர்கள். அவள் மறுக்கவே இல்லை. கொடுப்பவரின் மனைவியும் மருத்துவமனைக் குழுவின் முன் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்று தெரிந்த அன்றே, “எப்பங்க வரோணும்? லீவு சொல்லி வெக்கறேன்” என்று கேட்டவள் அவள். பயந்தது நான். பரிசோதனை முடிந்த வாரத்திலிருந்து என் கை அடிக்கடி இடுப்புக்குப் போயிற்று. மயக்க மருந்தில் கண் திறக்காமல் போனால், மிச்சமிருக்கும் ஒன்றும் கெட்டுப்போனால் என்று வேலைக்கு நடுவிலும் அதே நினைப்பு. ஒன்றை வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம் என்று மருத்துவர் விளக்கியது காதில் ஏறவில்லை. கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னேன். ஏன் தேதி வரவில்லை என்று அக்கா போனில் கேட்டார். நான் பயப்படுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

“அவ கொஞ்சம் யோசிக்காக்கா. பயப்படுதா. அவங்க அம்மாவும் அழுதாங்க” என்றேன்.

அக்கா, “சரில. அவளக் கட்டாயப்படுத்தாத. அவளுக்கும் சின்னப் பிள்ள இருக்குல்லா” என்றார்.

அந்த ஒரு பேச்சு அத்தான் வழியாக ஊர்வரை போயிற்று. விசேஷ வீடுகளில் என் மனைவி வணங்கினால் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். காரணம் தெரியாமல் அவள் திகைத்தாள். சனிக்கிழமைகளில் அக்காவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் நான்கு மணிநேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள்தான். அங்கே ஒருநாள் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் மொகத்தப் பாக்கச் சங்கடப்படாத பிள்ள. ஒம் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஒன் எடத்துல நான் இருந்தாலும் கையெழுத்துப் போட யோசிச்சிருப்பேன்” என்றிருக்கிறார். என் மனைவிக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. “சரிங்க அண்ணி” என்று மட்டும் சொன்னாளாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். “ஏனுங்க, நானா வேண்டாம்னேன்?”

போனில் அக்காவிடம் சொன்னதையும், பயந்தது நான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

“உங்களுக்குப் பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க. அண்ணிகிட்டயே சொல்லியிருந்தாலும் அவங்க என்ன, கோவிச்சுக்கவா போறாங்க? இப்பவாச்சும் போய்ச் சொல்லிப்போடுங்க. நானாச் சொல்ல மாட்டேன்.”

சொல்கிறேன் என்றேன். வாரங்கள் மாதங்களாயின. சொல்லவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அக்காவின் கடைசி நவம்பர் வந்தது. எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த வியாழக்கிழமை எங்களை வரச்சொன்னார். குழம்பை அக்கா மகள் வைத்தாள். என் குழந்தை புதுப்பல் முளைப்பதைக் காட்டினாள். அத்தான் சர்க்கரை குறைந்திருப்பதைச் சொன்னார். “எனக்கு நல்லாப் பசிக்குதுங்க அண்ணி” என்றாள் என் மனைவி. அக்கா மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். பிறகு அக்காவின் முறை. சொல்ல எதுவும் இருக்காது என்று நினைத்து நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எந்தம்பி ஒடம்புல ஒரு கொறையும் இல்லன்னு டாக்டர் சொன்னாருல்லா” என்றார் அக்கா. “இங்க கூட்டிட்டு வரும்போது எலும்பும் தோலுமா இருந்தான். இப்ப நல்லா இருக்கான். அதுக்குத்தான் இந்த வருசம் நன்றி.”

அதில் குத்தல் இருந்ததா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தேன். தென்படவில்லை. அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்தது என் முறை. நன்றாகத் தூங்குகிறேன் என்று சொன்னேன். அதுவும் பொய்.

திங்கட்கிழமை காலை மருத்துவமனைக்குப் போய், நான் தயார் என்றேன். குழு கூடியபோது என் மனைவி வந்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. அதை அக்காவிடம் சொன்னபோதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “அவ கையெழுத்துப் போட்டுட்டாக்கா” என்று மட்டுமே சொன்னேன். அக்கா என் மனைவியைக் கூப்பிட்டு, இரண்டு கையாலும் அவள் தலையைத் தொட்டு, “நல்லா இருப்ப தாயி” என்றார். செய்யாத தப்புக்குக் கிடைத்த மன்னிப்பை அவள் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அக்காவுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். நான்காம் நாள் காலை, அத்தானும் மகளும் பக்கத்தில் இருக்கும்போது மூச்சு அடங்கிற்று. அப்போது அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. ஒரு வருடம் முன்பே நான் அறுவை சிகிச்சைக்குப் படுத்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் கேட்டேன். “அப்படி உறுதியா சொல்ல முடியாதுங்க” என்றார். அது என் ஆறுதலுக்காகச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

அக்கா போன பிறகு வந்த நவம்பரிலும் அந்த வியாழக்கிழமை வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அன்றைக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்காவின் நோய்க்காலத்தில் ஒவ்வொரு முறையும் ஆட்டோவில் ஏற்றி இறக்கி, கைத்தாங்கலாக உள்ளே விட்டுவந்த பக்கத்து வீட்டு இப்ராகிம் பாய்க்கும், டயாலிசிஸ் பிரிவில் அக்காவை ‘அம்மா’ என்றே அழைத்த செவிலியர்களுக்கும், அக்காவுக்காக ரத்தம் கொடுத்த கம்பெனித் தோழிகளுக்கும், வாடகை வீட்டுக்குள்ளேயே காரியம் செய்ய மனம் ஒப்பிய வீட்டுக்கார அம்மாவுக்கும், தெற்கிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்து நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. என் கோழைத்தனத்தைத் தன் பெயரில் சுமந்த என் மனைவிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இதைப் படித்த பிறகு நீங்கள் அவளோடு பேசினால் அதுவே போதும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அத்தானையும் அக்கா மகளையும் எங்கள் வீட்டில் உட்காரவைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். அத்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா மகள் எழுந்து அடுக்களைக்குப் போய், ஒரு வருடமாகத் தான் பேசாமலிருந்த என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். பிறகு திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

“மாமா, இத அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லா?”

அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

கண்ணீருடன்,
தம்பி