எங்களைப் படியில் நிற்கவைத்த கௌரி மிஸ்

கௌரி மிஸ் போய்விட்டா.

காலையில் வெள்ளவத்தை மார்க்கெட்டில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போது அவவின் தங்கச்சியிடமிருந்து மெசேஜ். களுபோவில ஆஸ்பத்திரியில்... விடியவே முடிந்துவிட்டதாம். மீனை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கிட்னி சரியில்லை என்று தெரியும். போன கிழமை பார்க்க வரட்டா என்று கேட்டேன். "தலை இழுக்கேல்லை, இப்ப வராதையும். இழுத்திட்டுக் கோல் எடுக்கிறன்" என்றா.

தலை வாராமல் ஒருவருக்கும் முகம் காட்டமாட்டா. அந்தக் கோல் வரவே இல்லை.

தெரியாதவர்களுக்கு... கௌரி மிஸ் ஒரு லோயர். குடும்ப வழக்குகள் மட்டும்தான் எடுப்பா. வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒஃபிஸ். பொல்லாத கோபக்காரி. தமிழில் கதைத்துக்கொண்டே இருப்பா, கோபம் வந்தால் சிங்களத்துக்கு மாறிவிடுவா.

நான் முதலில் போனது என் டிவோர்ஸுக்கு. மகள் அப்போது நேர்சரி. அவளின் அப்பா கொட்டாஞ்சேனையில், அவருடைய அம்மா வீட்டில். "பிள்ளையை எடுத்துப்போடுவம்" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கோல்.

கஸ்டடி, எக்ஸஸ் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். யார் எதைச் சொன்னாலும் பிள்ளை போய்விடும் என்றுதான் என் காதில் விழுந்தது.

மிஸ் ஃபைலைத் திறக்கவே இல்லை.

"பிள்ளை எந்த வீட்டில இருந்து பல்லுத் தீட்டும்? அதுதான் கஸ்டடி. ஞாயிற்றுக்கிழமை ஆரோட போய் ஐஸ்கிரீம் குடிக்கும்? அதுதான் எக்ஸஸ். முதலாவது உமக்குக் கிடைக்கும். அதுக்காக ரெண்டாவதை மறிக்கேலாது. அது உம்மட ஐஸ்கிரீம் இல்லை, பிள்ளையின்ர."

சத்தியமாக எனக்கு அவவைப் பிடிக்கவில்லை. எனக்காக வந்த லோயர் ஏன் அவருக்காகக் கதைக்கிறா என்று ஒரே எரிச்சல்.

வழக்கு அவ சொன்னபடியே முடிந்தது. ஞாயிறு மட்டும் அப்பாவோடு. நானும் அவரும் கேற்றடியில் பிள்ளையை மாற்றிக்கொள்வோம், முகம் பார்க்க மாட்டோம். வருடக்கணக்காக அப்படித்தான் ஓடியது.

பிறகுதான் அந்த விஷயம். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவள் அப்போது கிரேட் செவன். ஃபோனில் ஒரு கேம் விளையாடும்போது ஒருவன் "அண்ணா" என்று பழகியிருக்கிறான். இவளும் ஸ்கூல் யூனிஃபோர்மோடு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவன் வேறு மாதிரிப் படம் கேட்டிருக்கிறான். தராவிட்டால் உன்னைப் பற்றி ஸ்கூல் முழுக்கக் கதை கட்டுவேன் என்று வெருட்டல் வேறு. பயத்தில் காய்ச்சல் வந்து படுத்தபோதுதான் எனக்கே தெரியும்.

எங்கள் ஆட்களிடம் இதற்கென்று ஒரு வைத்தியம் இருக்கிறது. ஃபோனைப் பறி. எல்லாவற்றையும் அழி. டியூஷனை நிறுத்து. வெளியில் மூச்சு விடாதே. என் அண்ணா சிம்மை வெட்டக் கத்தரிக்கோலோடு நின்றார்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவளின் அப்பாவுக்குத் தெரிந்தால் "தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது" என்று திரும்பவும் கோர்ட்டுக்குப் போவார். பிள்ளையை எடுத்துவிடுவார்.

மகளையும் இழுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் ஓடினேன். "எல்லாத்தையும் அழிச்சுப்போடட்டா மிஸ்?"

"பிஸ்ஸுத ஒயாட்ட?" பைத்தியமா உமக்கு என்று சிங்களத்தில் கத்தினா. பிறகு தமிழுக்கு வந்தா. "அழிச்சா அவன்தான் தப்புவான். ஒரு எழுத்தும் அழிக்காதையும். பொலிஸில குடுக்கவேணும்."

மகள் பக்கம் திரும்பியபோது அந்தக் குரலே வேறு.

"முதல்ல உன்னைப் புகழுவான். பிறகு உன்னை வீட்டில ஒருத்தருக்கும் விளங்கேல்லை எண்டுவான். கடைசியா, இது எங்கட ரகசியம் எண்டுவான். இதுக்கு குரூமிங் எண்டு பேர், அம்மாச்சி. இது அவன் செய்யிற வேலை. நீ செய்ததில்லை."

அந்தச் சொல்லை அதுவரை சலூன் போர்டில்தான் பார்த்திருந்தேன்.

பிறகு என்னைப் பார்த்து, "தகப்பனுக்குக் கோல் எடும்."

"மிஸ், அவர்..."

"எடும்."

கொட்டாஞ்சேனையிலிருந்து த்ரீவீலில் வந்தார். மிஸ் எங்கள் இரண்டு பேரையும் வெளியே படியில் நிற்கவைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டா. உள்ளே அவவும் மகளும் மட்டும்.

கீழே கடையில் கொத்துரொட்டி போடும் சத்தம். உள்ளே கதைப்பது ஒன்றும் கேட்கவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி அழுதார். நான் காணாத மாதிரி நின்றேன்... பிறகு நானும் அழுதேன்.

கதவு திறந்தது.

"உள்ள வாங்கோ. ஏன் செய்தாய், எப்பிடிச் செய்தாய் எண்டு ரெண்டு பேரும் கேக்கக்கூடாது. எனக்குச் சொல்லிட்டாள், அது காணும். சாப்பிட்டியா எண்டு மட்டும் கேக்கலாம்."

அவர்தான் முதலில் கேட்டார். மகள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கீழே போய் மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து கொத்து சாப்பிட்டோம்.

அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. பொலிஸுக்குத்தான் போனார், என்னோடு. அவனைப் பிடிக்க மாதக்கணக்கு ஆனது, ஆனால் பிடித்தார்கள்.

இடையில் ஸ்கூலில் ஒரு டீச்சர், "கொஞ்ச நாள் வீட்டில இருக்கட்டுமே" என்று மெதுவாகச் சொன்னா. மிஸ் நேரே போய் நின்றா. "பிழை செய்தவன் ஊர் சுத்துறான். படிப்பு நிக்கிறது இவளுக்கோ?"

அடுத்த நாள் மகள் கிளாஸில்.

இன்று மார்க்கெட்டிலிருந்து வந்து குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். மகள் இப்போது ஏ.எல். படிக்கிறாள். கிளாஸ் முடிந்து வந்தவள் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். மெசேஜ் அவளுக்கும் வந்திருக்கிறது.

ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா... சாப்பிட்டீங்களா?"

நாளைக்கு வாறம் மிஸ். மூண்டு பேரும்தான்.

உங்களுக்குத் தலை இழுத்து விட்டிருப்பினம்.