ஒரு சாண் திறந்த கேட்

கேட் எவ்வளவு பெரிதோ, உள்ளே கணிதமும் அவ்வளவு பெரிது என்று நம்பியவன் நான். மகளை பி.எஸ்சி. கணிதத்தில் எங்கே சேர்ப்பது? சென்னையின் பெரிய பல்கலைக்கழகமா, நெல்லித்தோப்புப் பக்கத்துச் சின்னக் கல்லூரியா? படிக்கப்போவது அவள், அலைந்தது நான்.

சின்னக் கல்லூரியைப் பார்க்கப் போனேன். மணி அடித்த பிறகும், நரைத்த மீசை வாட்ச்மேன் கேட்டை ஒரு சாண் திறந்து காலால் பிடித்திருந்தார்.

“ஏன் சாத்தல?”

“கணக்கு கிளாஸுல ஒம்போது பேரு சார். ஒரு பொண்ணு இன்னும் வர்ல.”

“லேட்டா?”

“தை மாசத்துலேர்ந்து வர்ல சார்.”

அப்ளிகேஷன்கூட வாங்காமல், பேயைக் கண்டவன்போல ஆட்டோ பிடித்து ஓடிவந்தேன். மகளைச் சென்னையில் சேர்த்தேன்.

வகுப்பில் எத்தனை பேர் என்று போன வாரம் கேட்டேன். தெரியாது என்றாள்.