நின்ற லாரி

அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவள். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, கையை உயர்த்தி உதறி, எதிரெதிராக நடந்து வந்து சேர்ப்பார்கள். அந்தக் கையைத்தான் சாலையிலும் உயர்த்துவாள்.

பேருந்து நிறுத்தம் இந்தப் பக்கம். சலவைக்கூட வாசல் எதிரே. நடுவில் நான்கு தடச் சாலை. சிக்னல் வரை போய்ச் சுற்றி வந்தால் வேலைக்கு நேரமாகிவிடும். அதனால் பெண்கள் கும்பலாகக் கடப்பார்கள்; அம்மா முன்னால். 'போலீசக்கா' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. விசில் வாங்கித் தரவா என்று ஒருத்தி கேட்டாளாம். "நீ வாயை மூடிட்டு நட, அதுவே போதும்" என்றாளாம் அம்மா.

நான் சாலைப் பொறியாளர். "நீ படிச்சு என்னடி? வண்டி என் கைக்குத்தானே நிக்குது" என்பாள்.

நிற்கத்தான் செய்தது. தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் அவளைப் பார்த்தால் தவறாமல் நிற்பார். அன்றும் ஓரத் தடத்தில் நின்றார். அம்மா தலையசைத்துவிட்டு லாரியின் முன்பக்கத்தைத் தாண்டினாள். லாரி பழுதாகி நிற்கிறது என்று நினைத்து, பின்னால் வந்த வேன் அடுத்த தடத்தில் முந்தியது. லாரி மறைத்ததில் வேனுக்கு அம்மா தெரியவில்லை. அம்மாவுக்கு வேன் தெரியவில்லை.

எங்கள் துறையில் இது பழகிப்போன விபத்து. பயிற்சி வகுப்பில் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒரு செவ்வகம், அதன் மறைவில் ஒரு புள்ளி.

பாதசாரியின் கவனக்குறைவு என்று வழக்கை முடித்தார்கள்.

லாரிக்காரர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"நீங்க ரோடு படிச்சவங்கம்மா. நான் நிக்காம போயிருந்தா அக்கா இருந்திருப்பாங்களா?"

"உங்க மேல தப்பில்லண்ணே."

"தப்பைக் கேக்கல."

"இருந்திருப்பாங்க" என்றேன்.

அந்த இடத்தில் ஒரு சிக்னல் கேட்டு அலைந்தேன். பக்கத்தில்தான் ஒன்று இருக்கிறதே, சுற்றிப் போகட்டும் என்றார்கள்.

சலவைக்கூடத்தில் எடுத்து வைத்திருந்த அம்மாவின் பையையும் செருப்பையும் வாங்கிவர அந்தப் பெண்களோடு அதே நிறுத்தத்தில் இறங்கினேன். விசில் வாங்கித் தரவா என்று கேட்டவள்தான் இப்போது முன்னால் நின்றாள். கையை உயர்த்தினாள். அதே தண்ணீர் லாரி வந்தது. அவர் எங்களைப் பார்த்தார், நிற்காமல் போனார். யாரும் திட்டவில்லை.

அவள் கையை இறக்கவில்லை. அடுத்து வந்த லாரி வேகம் குறைந்து, ஓரத் தடத்தில் நின்றது.

"வாங்கடி, நின்னுட்டான்" என்றாள்.