கண்மையோடு காந்தத்துக்குள் போனேன்

மூளை ஸ்கேன் ஆராய்ச்சிக்குத் தன்னார்வலராகப் பெங்களூரு போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன சனிக்கிழமை நான் போய்வந்தேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. கல்லூரியில் எனக்கு சீனியரான சுமதி அக்கா அங்கே ஆராய்ச்சி செய்கிறார். "ஆள் கிடைக்கலடி, வர்றியா?" என்றார். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. இப்படியோர் ஆய்வகத்தை எப்போது பார்ப்பது?

ஜோலார்பேட்டையில் காலை 6.10க்கு ரயில், எழுபது ரூபாய். 8.40க்குக் கன்டோன்மென்ட். அங்கிருந்து மல்லேஸ்வரம் தாண்டி ஆய்வகம். ஆட்டோவுக்கு 220 ரூபாய். ஓட்டுநர் தமிழர்.

"ஸ்கேன் யாருக்கும்மா?"

"எனக்குத்தாண்ணா. உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயே மண்டைய உள்ள உடுறியா? நல்லா கீதும்மா!"

அக்கா விளக்கினார். மூளையிலுள்ள வேதிப்பொருள்கள் திரையில் தனித்தனி முகடுகளாகத் தெரியும், காந்தப்புலம் எங்கும் சீராக இருந்தால். மூக்குக்கு மேலே காற்றுக் குழிகள் இருப்பதால் நெற்றிப் பக்கம் புலம் கோணிவிடும், முகடுகள் கலந்துவிடும். கூடுதல் கம்பிச்சுருள்களால் அதை நேராக்கும் முறை ஒன்றை இரண்டு வருடமாக உருவாக்கியிருந்தார். இயந்திரம் அவருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான். அன்றும் சரிவராவிட்டால் அந்த முறையையே விட்டுவிடச் சொல்லியிருந்தாராம் அவருடைய பேராசிரியர்.

படிவத்தில் உலோகம் 'இல்லை', மேக்கப் 'இல்லை' என்று எழுதிவிட்டு, அவசரமென்றால் அழுத்தக் கொடுத்த ரப்பர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு படுத்தேன். உள்ளே தடதடவென்று சத்தம். இமை லேசாகச் சுட்டது. அப்படித்தான் இருக்கும் போல என்று பேசாமல் கிடந்தேன்.

பதினொன்றுக்கு வெளியே எடுத்தார்கள். அக்காவின் முகம் வெளிறியிருந்தது. "முன்பக்கம் ரெண்டு ஓட்டை. என்ன மாத்தினாலும் போகல. அவ்வளவுதான்."

திரையைப் பார்த்தேன். கண்களுக்குப் பின்னால், கண்களைப் போலவே, இரண்டு கருங்குழிகள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொல்ல வாய் வரவில்லை. பத்து நிமிடம் அப்படியே நின்றேன்.

"அக்கா... கண்ணுக்கு மை போட்டிருக்கேன்."

"மேக்கப் இல்லனு எழுதினியே!"

"மை மேக்கப்பாக்கா?"

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "சில மையில இரும்பு கலந்திருக்கும்டி! சுட்டுச்சா?"

"கொஞ்சம்."

"அதையும் சொல்லலையா நீ?"

தேங்காயெண்ணெய், பஞ்சு, மூன்று முறை சோப்பு. மறுபடி உள்ளே போனபோது 11.30. குழிகள் இல்லை. நெற்றிப் பக்கத்திலும் முகடுகள் ஊசி ஊசியாகப் பிரிந்து நின்றன. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். முடிவு உறுதியாக இன்னொரு அளவீடு வேண்டும்; அதற்கு எட்டு நிமிடம் ஆகும். அதைத் தொடங்குவதற்குள் பன்னிரண்டு ஆகிவிட்டது. அடுத்த குழு கதவைத் தட்டியது. இனி அடுத்த மாதம்தான், அதுவும் பேராசிரியர் சம்மதித்தால்.

முதல் நாளே மையைக் கழுவிவிடுங்கள். சரிகைத் துணி வேண்டாம். ஏதாவது சுட்டால் கையிலிருக்கும் பந்தை உடனே அழுத்துங்கள். சந்தேகம் வந்த நொடியில் வாயைத் திறந்துவிடுங்கள். நான் கூச்சத்தில் நின்றது பத்து நிமிடம். அக்காவுக்குத் தேவைப்பட்டது எட்டுதான்.